பாணியா, பழக்க தோஷமா?

வைகாசி (மே) 11, பின்னேரம் – கேள்வி

எட்டு வருசமாகப் படம் கீறுகிறேன். சிறுவர் கதை, சஞ்சிகை அட்டை, கலியாண அழைப்பிதழ் என்று வருகிற வேலையெல்லாம் செய்கிறேன். பார்க்கிற ஆட்கள் "இது உன்ர படம் எண்டு தூரத்திலேயே தெரியுது" என்கிறார்கள். முதலில் சந்தோசமாக இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது. போன வருசப் படத்தையும் இந்த வருசப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எப்போது கீறியது என்று எனக்கே தெரியவில்லை. இதைப் பாணி என்று வைத்துக்கொள்வதா, தேங்கிப்போனேன் என்று எடுத்துக்கொள்வதா? நீண்ட காலம் கீறுகிற அக்கா, அண்ணைமார் சொல்லுங்கள்.

வைகாசி 11, இரவு 10.20 – ஒரு அக்காவின் பதில்

பாணிதான், தம்பி. யோசிக்க வேண்டாம். நான் 22 வருசமாக இதைத் தொழிலாகக் கீறுகிறேன். துணைநூல், சிறுவர் கதை, கவிதைத் தொகுப்பு அட்டை எல்லாம் செய்திருக்கிறேன். என் கோட்டைப் பார்த்ததும் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கையெழுத்து மாதிரித்தான் இதுவும். கையெழுத்தை யாராவது வருசத்துக்கு ஒருமுறை மாற்றுவார்களா?

வைகாசி 12, விடிய 5.50

நேற்று எழுதியதை அப்படியே விட மனம் கேட்கவில்லை.

மாசி மாதம் ஒரு பதிப்பகம் என் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பியது. காட்சி இதுதான்: அம்மம்மா பிட்டு அவிக்கிறார், நாலு வயதுப் பேத்தி பக்கத்தில் குந்தியிருந்து பார்க்கிறாள். இரண்டு நாள் இருந்து கீறினேன். அடுப்படித் தட்டியின் கிடுகை ஓலை ஓலையாகக் கீறினேன். பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியின் பின்னல், விறகின் வரி, மூலையில் சாத்தியிருக்கும் சுளகு, அதில் ஒட்டியிருக்கும் மா, ஒன்றையும் விடவில்லை. பதிப்பாசிரியரிடமிருந்து ஒரு வரிதான் வந்தது: "பிள்ளை எங்கே?"

அன்று எனக்குக் கோபம். பிள்ளை நடுவில்தானே இருக்கிறாள் என்று பதில் எழுதினேன். இன்று விடிய எழும்பி அந்தப் படத்தைச் சுவரில் குத்தி, பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். அவர் கேட்டது சரி. கண் நேரே கிடுகுக்குப் போகிறது, அங்கிருந்து சுளகுக்கு, பிறகு விறகுக்கு. பிள்ளையின் முகத்தில் ஏழு கோடு இருக்கும், கிடுகில் எழுநூறு.

இதைப் பாணி என்று சொல்லி நேற்று உங்களை ஆறுதல்படுத்தினேன். கொஞ்சம் பொறுங்கள், இன்னும் யோசித்துவிட்டு வருகிறேன்.

வைகாசி 19

மூன்று வருசத்தில் அச்சில் வந்த என் படங்களைத் தேடி எடுத்தேன். 64 கிடைத்தன. விறாந்தையில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாத ஒன்று மொத்தமாகப் பார்க்கும்போது பளிச்சென்று தெரிந்தது.

முக்கிய ஆளின் முகம் 51 படங்களில் இடப்பக்கம் பார்க்கிறது. அதுவும் முக்கால் திருப்பத்தில், ஒரே கோணத்தில்.

கைகள்? முதுகுக்குப் பின்னால், சேலைத் தலைப்புக்குள், பனையோலைக் கடகத்துக்குக் கீழே, சைக்கிள் ஹாண்டிலில் ஒரு உருண்டையாக. ஐந்து விரலும் தெரியக் கீறிய கை மொத்தமாக ஒன்பது.

நாலு மூலையில் ஒன்றாவது வெறுமையாக விட்ட படம் இரண்டே இரண்டு. அந்த இரண்டிலும் எழுத்து வைக்க இடம் வேண்டும் என்று அவர்களே கேட்டிருந்தார்கள்.

தம்பி, நீங்களும் உங்கள் படங்களை ஒருமுறை நிலத்தில் பரப்பிப் பாருங்கள். போனில் தட்டித் தட்டிப் பார்ப்பது இதற்கு உதவாது.

வைகாசி 20

இடப்பக்கம் பார்க்கிற முகம் பற்றி. வலக்கைக்காரர் பலருக்கும் பக்கவாட்டு முகம் இடப்பக்கம் பார்க்கத்தான் சுலபமாக வரும். நெற்றி, மூக்கு, வாய் என்று இறங்கும் வளைவு கை மடிகிற போக்கோடு போகிறது. மற்றப் பக்கம் திருப்பினால் மணிக்கட்டு மறிக்கிறது. ஆக, இத்தனை வருசமும் என் ஆட்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தது என் மணிக்கட்டு.

கதைப் புத்தகத்தில் இது சின்ன விசயமில்லை. தமிழ் இடமிருந்து வலமாக ஓடுகிறது, பக்கத்தை வலப்பக்கத்திலிருந்து திருப்புகிறோம். வலம் பார்த்து நடக்கிற பிள்ளை அடுத்த பக்கத்துக்குப் போகிறாள். இடம் பார்த்து நடந்தால் வந்த வழியே திரும்புகிற மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளையின் கதை ஒன்றுக்கு நான் கீறியதைத் திறந்து பார்த்தேன். ஆறு பக்கத்திலும் பிள்ளை வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு திருத்தமும் இருக்கிறது. நேற்று எழுதிய 51 பிழை. இரண்டு படங்களை இரண்டு முறை எண்ணிவிட்டேன். 49.

ஆனி 2

மூலைகள் ஏன் நிரம்பின என்று மூன்று நாளாக யோசித்தேன். இதைப் பொதுவில் எழுதுவதா என்றும் யோசித்தேன். சரி, எழுதுகிறேன்.

நான் கீறத் தொடங்கியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம். கரண்ட் இல்லை, பற்றரி இல்லை, தாள் இல்லை. பத்திரிகைகளே கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. ஒரு கொப்பி கிடைத்தால் அது பாடத்துக்கு. படம் கீற எனக்குக் கிடைத்தது பழைய கணக்குக் கொப்பியின் ஓரமும், மருந்துப் பெட்டிகளைப் பிரித்தால் வருகிற உள்பக்கமும்தான். உள்ளங்கை அளவு அட்டையில் வீடு, கிணறு, துலா, ஆடு, வேலி, படலை, அம்மா எல்லாரும் வர வேண்டும். இடம் மிச்சம் விட்டால் அது வீண்.

அதோடு வெளிச்சம். இரவில் ஜாம் போத்தல் விளக்குத்தான். போத்தலுக்குள் பஞ்சைப் போட்டுக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி வைத்து எரிப்பது. அந்த வெளிச்சத்தில் பென்சிலால் மெல்ல நிழல் தீட்டினால் கண்ணுக்குத் தெரியாது. அழுத்திக் கீறிய கோடு மட்டும் தெரியும். அதனால் எனக்குக் கோடு வந்தது. நிழல் வரவில்லை.

1995 ஐப்பசி (ஒக்டோபர்) 30 இரவு, சண்டை நெருங்கி வர, யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து எல்லாரும் வெளிக்கிட்டோம். நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது என்னிடம் இருந்தது பள்ளிக்கூடப் பை. படம் கீறிய அட்டைகளெல்லாம் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் வீட்டிலேயே நின்றுவிட்டன. திரும்பி வந்தபோது தகரமும் இல்லை. அதற்குப் பிறகு நான் இன்னும் அடர்த்தியாகக் கீறத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். ஒன்றும் விடுபடக் கூடாது என்று.

இன்று என் மேசையில் 300 ஜிஎஸ்எம் தடித்த தாள் கட்டாக இருக்கிறது. லைற் இருக்கிறது. கை இன்னும் மருந்துப் பெட்டியில்தான் கீறிக்கொண்டிருக்கிறது.

ஆனி 3

நேற்றைய குறிப்புக்குக் கீழே எழுதிய எல்லாருக்கும் நன்றி. கொப்பித் தாள் பத்திரிகையை இன்னும் வைத்திருப்பதாக எழுதிய அண்ணை, அதை ஸ்கான் பண்ணி, எங்கள் பழைய நூல்களைச் சேமிக்கிற 'நூலகம்' இணையத்தளத்துக்குக் கொடுங்கள். தாள் பொடிந்துபோக முதல்.

ஆனி 15

"அப்படியென்றால் நுணுக்கமாகக் கீறுவது பிழையா? ஓவியர் சில்பி கீறாத நுணுக்கமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சில்பி ஆனந்த விகடனில் கீறிய கோயில் சிற்பங்களை இரண்டு நாளாக உருப்பெருக்கிப் பார்த்தேன்.

ஆபரணத்தின் மணி மணியாகக் கீறியிருக்கிறார், உண்மை. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. வெளிச்சம் விழுகிற தோளில் கோடு மெலிந்து அறுந்துபோகிறது. தூணின் இருட்டுப் பக்கத்தில் மணிகள் ஒன்றாகக் கலந்து கருமையாகிவிடுகின்றன. எது முன்னால், எது பின்னால், வெயில் எங்கிருந்து வருகிறது என்பது நுணுக்கத்துக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. என் கிடுகில் அந்தத் தீர்மானமே இல்லை. எல்லா ஓலையும் ஒரே தடிப்பு, ஒரே கருமை.

மற்றக் கரைக்குப் போனால், 'சிரித்திரன்' சஞ்சிகையின் கேலிச்சித்திரக்காரர் சிவஞானசுந்தரம். 1963இல் அவர் தொடங்கிய சஞ்சிகையின் இதழ்கள் நூலகம் தளத்தில் இருக்கின்றன. அவர் கீறிய சவாரித்தம்பர், சின்னக்குட்டி என்ற பாத்திரங்களைப் பாருங்கள். கொஞ்சக் கோடுதான். ஆனால் சால்வை எந்தத் தோளில் கிடக்கிறது, உடம்பு எந்தப் பக்கம் சரிகிறது என்பதிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அடர்த்தியாகக் கீறுவதா, குறைத்துக் கீறுவதா என்று நான் போன கிழமை முழுக்கக் குழம்பியது தேவையில்லாதது. இரண்டு பேரும் கீற முதல் பார்த்திருக்கிறார்கள்.

ஆடி 6

ஒரு மாதம் ஒரே வடலியை, ஒரு இளம் பனையை, கீறினேன். கோண்டாவில் பக்கம் ஒரு குச்சொழுங்கை முடிகிற இடத்தில் நிற்கிறது, என்னைவிட ஒரு முழம் உயரம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அரை மணித்தியாலம், ஒரு தாள்.

பனை கீறத் தெரியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை உண்டா? ஒரு தடி, மேலே நட்சத்திரம் மாதிரி ஓலை. நானும் 22 வருசமாக அதைத்தான் கீறினேன். கொஞ்சம் அலங்காரமாக, அவ்வளவுதான்.

முதல் ஐந்து நாள் அதே நட்சத்திரம்தான் வந்தது. மரத்தைப் பார்க்கிறேன், கை தனக்குத் தெரிந்ததைக் கீறுகிறது. ஆறாம் நாள் ஓலையை விட்டுவிட்டு ஓலைகளுக்கு நடுவில் தெரிகிற வானத்தை மட்டும் கீறினேன். துண்டு துண்டாக, ஒவ்வொரு வெளியும் என்ன வடிவம் என்று. அன்றுதான் முதல்முறை அது அந்த ஒழுங்கையில் நிற்கிற வடலியாக வந்தது.

அதற்குப் பிறகு கண்டவை: பனை ஓலை தட்டையான விசிறி இல்லை. மட்டையின் நரம்பு ஓலைக்குள்ளும் நீண்டு, பின்னுக்கு வளைந்து இழுக்கிறது. அதனால் ஓலை நடுவில் மடிந்து, பக்கத்திலிருந்து பார்த்தால் வள்ளம் மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு இதழும் தனி மடிப்பு. பாதித் தூரம் ஒட்டியிருந்து பிறகுதான் பிரிகிறது. மட்டையின் அடி இரண்டாகப் பிளந்து, கவிழ்த்த 'ட'வை இரண்டு பக்கமும் சேர்த்து வைத்த மாதிரி மரத்தைக் கவ்விப் பிடிக்கிறது. அந்தப் பிளவுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி ஏறுகின்றன. மட்டை ஓரத்தில் கருக்கு, பிளவுக்குள் பன்னாடை. குருத்து மட்டும் மூடிய குடை மாதிரி நேராக நிற்கிறது. காவோலை தொங்குவதில்கூட ஒரு ஒழுங்கு இருக்கிறது, மட்டை ஒடிந்த இடத்திலிருந்து நேர்கீழே.

முப்பது தாளில் நல்லது நாலு. அந்த நாலிலும் கோடு என்னுடையதுதான். என் கோடு எங்கேயும் போய்விடவில்லை, தம்பி. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல ஓடி வந்தேன்.

ஆடி 7

'கவிழ்த்த ட' என்றால் விளங்கவில்லை என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். கால் இரண்டையும் அகட்டி மரத்தைக் கட்டிப்பிடித்தபடி ஏறுகிற ஆளை நினையுங்கள். அந்தக் கால்கள்தான் மட்டையின் அடி.

ஆடி 20

இன்னொன்று. படம் கீறப் பழக்குகிற வெளிநாட்டுப் புத்தகங்களில் முன்னால் ஒரு மரம், நடுவில் ஆறு, பின்னால் மலை என்று மூன்று அடுக்கு வைப்பார்கள். நானும் அப்படியே வைத்துப் பழகினேன். எங்களுக்கு மலை எங்கே? குடாநாடு முழுக்கத் தட்டை. உயரமாக நிற்பது பனை, கோபுரம், தண்ணீர்த் தாங்கி, போன் கோபுரம். பண்ணைப் பாலத்தில் நின்றால் கடலும் வானமும் ஒரு கோட்டில் முட்டுகின்றன, அவ்வளவுதான்.

ஊருக்குள் வந்தால் அதுவும் இல்லை. ஒழுங்கையில் இரண்டு பக்கமும் வேலி அல்லது மதில், இப்போது தகரமும். சைக்கிளில் போகிறவருக்கு வேலிக்கு மேலே தெரிவது மாமரத்தின் தலையும் கூரையின் முகடும் கொடியில் காயும் துணியின் மேல் ஓரமும். படலை திறந்திருந்தால் ஒரு கணம் முற்றம் தெரியும், பிறகு மூடிவிடும். எங்கள் கண் இந்த ஊரைப் பார்ப்பது இப்படித்தான். பிறகு ஏன் நான் எப்போதும் வேலியைப் பின்னால் அலங்காரமாக வைக்கிறேன்? வேலியை முன்னால், படத்தின் பாதிக்கு மேல், பெரிதாக வைத்தால் என்ன? படலை இடைவெளியில் மட்டும் கதை நடக்கட்டும். மூன்று சின்னப் படங்கள் கீறிப் பார்த்தேன். ஒன்றில் வேலி வெறும் சாம்பல் நிறம், ஒரு ஓலைகூடக் கீறவில்லை. கை நடுங்கியது. அதுதான் மூன்றில் நல்லது.

ஆவணி 9

நல்லூர்த் திருவிழாவுக்குச் சின்னக் கொப்பியோடு போனேன். ஒருவரும் நின்று கொடுக்க மாட்டார்கள். கும்பிடக் கை உயர்ந்தால் பதினைந்து விநாடி, பிறகு ஆள் நகர்ந்துவிடுவார். அதற்குள் முதுகின் வளைவும் தோளும் கையும் வர வேண்டும். ஆண்கள் மேலாடை இல்லாமல் நிற்பதால் தோள்பட்டை எலும்பு எப்படி விலகுகிறது என்று நன்றாகப் பார்க்கலாம். கை தலைக்கு மேலே போகும்போது தோள் காதைத் தொடுகிறது. நான் இதுவரை கும்பிடுகிற ஆட்களைத் தோளை அசைக்காமலே கீறியிருக்கிறேன், கை மட்டும் தனியாக ஒட்டின மாதிரி.

இரண்டு மணித்தியாலத்தில் 40 பக்கம். முக்கால்வாசி என்னவென்றே தெரியாத கிறுக்கல். வெளிவீதி மணலில் தகப்பன் தோளில் நித்திரையான ஒரு பிள்ளையின் கால் மட்டும் சரியாக வந்திருக்கிறது. கணுக்கால் தளர்ந்து பாதம் கீழே தொங்குகிறது. ஐந்து கோடு.

ஆவணி 28

இன்று மதியம் 12.10க்கு முற்றத்தில் ஒரு அடிமட்டத்தை நேராக நட்டு வைத்துப் பார்த்தேன். நிழலே இல்லை.

யாழ்ப்பாணம் ஏறத்தாழ வடக்கு 9.7 பாகையில் இருக்கிறது. அதனால் சூரியன் வருசத்தில் இரண்டு முறை எங்கள் தலைக்கு நேர் மேலே வரும். சித்திரை நடுப்பகுதியில் ஒன்று, ஆவணி கடைசியில் மற்றது. இடைப்பட்ட நாலரை மாதமும் மதியச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் நிழல் வடக்கே. ஆறடி ஆளின் மதிய நிழல் ஆனி (ஜூன்) 21 அளவில் ஒன்றரை அடி, தெற்குப் பக்கம். மார்கழி (டிசெம்பர்) 21 அளவில் கிட்டத்தட்ட நாலடி, வடக்குப் பக்கம்.

சித்திர ரீச்சர் சொல்லித் தந்தது "வெளிச்சம் இடப்பக்கம் மேலேயிருந்து" என்று. அது எங்கோ ஒரு யன்னலோரத்து மேசைக்கு வைத்த விதி. நான் அதைக் கொண்டுவந்து இந்த முற்றத்து மதியத்தில் வைத்தேன். இங்கே மதியத்தில் கண்குழி கறுத்துப்போகிறது, மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுகிறது, சேலைத் தலைப்பு தலையில் கிடந்தால் முகம் முழுக்க நிழல். அப்படியிருந்தும் முகம் தெரிகிறது. ஏன்? நிலம். வெள்ளை மணல் முற்றத்திலிருந்து வெளிச்சம் மேலே அடிக்கிறது. நாடிக்குக் கீழே, தாழ்வாரத்தின் உள்பக்கத்தில், ஆட்டின் வயிற்றில் அது படுகிறது. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கச் செம்மண் தோட்டத்தில் அதே வெளிச்சம் சிவந்து வரும். வெங்காயம் கிண்டுகிற ஒருவரின் வெள்ளைச் சேட்டின் அடிப்பக்கம் செங்கல் நிறமாக இருந்ததை இந்தக் கிழமைதான் கண்டேன். 42 வயதில்.

எனக்கு வளர வேண்டிய இடம் எது என்று ஒரு சொல்லில் கேட்டால் நிழல் என்பேன். ஆனி 2இல் நிழல் வரவில்லை என்று எழுதினேன். அதற்குக் காரணம் கண்டுபிடித்ததோடு நிறுத்திவிட்டேன். காரணம் தெரிந்தால் கை திருந்திவிடாது. இப்போது கண்ணைச் சுருக்கிப் பார்த்து மூன்றே மூன்று அளவில் கீறுகிறேன்: தாளின் வெள்ளை, ஒரு சாம்பல், ஒரு கறுப்பு. தீப்பெட்டி அளவில், ஒவ்வொரு படத்துக்கும் ஆறு. இதில் பிள்ளை தெரிந்தால்தான் பெரிய தாளை எடுப்பது.

புரட்டாதி 14

ஐபாடில் (iPad) கீறுவது பற்றிக் கேட்டீர்கள். இருக்கிறது, பாவிக்கிறேன். நிறம் மாற்றிப் பார்க்க, படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிப் பார்க்க அதைப்போல வசதி வேறில்லை. இடப்பக்க முக வியாதியைப் பிடிக்க அந்தத் திருப்பல் ஒன்றே போதும்.

ஆனால் எவ்வளவும் பெரிதாக்கலாம் என்பது என் போன்ற ஆளுக்கு ஆபத்து. ஒரு கிடுகை உள்ளங்கை அளவுக்கு இழுத்து அதற்குள் இருபது கோடு போடுவேன், அச்சில் அது ஒரு புள்ளி. இப்போது பெரிதாக்காமல் கீறுகிறேன், தாளில் வரப்போகிற அளவில் வைத்து. அச்சகத்துக்குக் கொடுக்கிறவர்கள் கவனிக்க: திரையில் பளபளக்கிற வாழைப் பச்சை நாலு மை அச்சில் அப்படி வராது, மங்கிவிடும். ஒருமுறை புத்தகம் கையில் வந்த பிறகுதான் அழுதேன்.

ஐப்பசி 3

மாமி கடகம் இழைக்கிறதைப் பார்க்கப் போனேன். அவருக்கு 71 வயது. "என்ர கையைப் போய் என்னத்துக்குப் பிள்ளை கீறுறாய்" என்றார், ஆனால் மறைக்கவில்லை.

சார்வோலையை நனைத்துப் பதமாக்கி வைத்திருந்தார். சத்தகம் என்ற சின்னக் கத்தியால் ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்தார். அளவுகோல் இல்லை, பெருவிரல் நகம்தான் அளவு. இழைக்கத் தொடங்கியதும் நான் கவனித்தது: வேலை செய்கிற மாதிரித் தெரிவது வலக்கை. அது ஓலையைத் தூக்கும், நுழைக்கும், இழுக்கும். ஆனால் எல்லாவற்றையும் பிடித்திருப்பது இடக்கைப் பெருவிரல். அது அசைவதே இல்லை. நுனி மூட்டு பின்னுக்கு வளைந்து, நகத்தைச் சுற்றித் தோல் வெளுத்து, பின்னலின் கடைசி முடிச்சின்மேல் அழுத்திக்கொண்டு நிற்கிறது. வலக்கை பத்து ஓலை தாண்டிய பிறகு ஒரு கணம் எழும்பும், அடுத்த இடத்தில் இறங்கும். எழும்புகிற அந்தக் கணத்தில் சுட்டுவிரல் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நான் கைகளைக் கீறப் பயந்தது விரல்களை எண்ணிக்கொண்டிருந்ததால். ஐந்து விரல், மூன்று மூட்டு என்று மனதில் ஒரு பட்டியல். மாமியின் கையில் அன்று நான் பார்த்தது அழுத்தம். எது அழுத்துகிறது, எது சும்மா கூட வருகிறது. சின்னவிரல் ஒரு வேலையும் செய்யாமல் ஓலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே கீறினேன்.

அதோடு, கடகத்தின் அடி சதுரம், வாய் வட்டம். அடியிலிருக்கும் நாலு மூலையும் மேலே போகப் போகக் கரைந்துவிடும். நான் எத்தனை கடகம் கீறியிருப்பேன், எல்லாம் வாளி மாதிரி உருளை.

போகும்போது மாமி படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பெருவிரல் என்ர அம்மான்ர" என்றார்.

ஐப்பசி 4

"அக்கா, முதல் நாள் பாணி என்றீர்கள், மறுநாள் இல்லை என்றீர்கள், ஆடியில் கோடு போகவில்லை என்றீர்கள். கடைசியில் என்ன?" என்று தம்பி கேட்கிறார்.

கேட்பது சரி. இப்போது இப்படி நினைக்கிறேன். ஜாம் போத்தல் வெளிச்சத்தில் வந்த கோடு என்னுடையது, அதை விட மாட்டேன். மூலையை நிரப்புவது அந்தக் காலத்தின் தேவை, அந்தத் தேவை முடிந்துவிட்டது. இரண்டும் ஒரே இடத்தில் பிறந்ததால் ஒன்று என்று நினைத்திருந்தேன். எது எதுவென்று பிரிக்க எனக்கு ஐந்து மாதம் எடுத்தது, இன்னும் முடியவில்லை. குருநகர் ஓவியர் மாற்கு மாஸ்ரர் ஒரு ஊடகத்தோடு, ஒரு முறையோடு நின்றவர் அல்ல. முறையை மாற்றினால் ஆள் தொலைந்துவிடும் என்ற பயத்துக்கு அவர் படங்கள் நல்ல மருந்து. கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

கார்த்திகை 8

மழை. தாள் எல்லாம் ஈரக் காற்றில் தளர்ந்துபோய்விட்டது, பேனையின் மை பொசிகிறது. அதனால் தூரிகையைத் தொட்டேன்.

மாசியில் திரும்பி வந்த அந்தப் படத்தைப் புதிதாகக் கீறி முடித்துவிட்டேன். அம்மம்மா வலப்பக்கம், முதுகு காட்டி. பேத்தி இடப்பக்கம், வலம் பார்த்தபடி. கிடுகுத் தட்டி ஒரே சாம்பல் பூச்சு. அடுப்பு நெருப்புக்குப் பக்கத்தில் மட்டும் நாலைந்து ஓலையின் விளிம்பு. நெருப்பு வெளிச்சம் கீழேயிருந்து பிள்ளையின் நாடியிலும் மூக்கின் அடியிலும் படுகிறது. அம்மம்மாவின் இடக்கை நீத்துப்பெட்டியைப் பிடித்திருக்கிறது, அந்தப் பெருவிரலோடு. கீழே இடது மூலையில் ஒன்றும் இல்லை.

அனுப்பிய மறுநாள் பதிப்பகத்திலிருந்து போன் எடுத்தார்கள். படம் நல்லாயிருக்கு, அந்த மூலையில் என்ன வரப்போகிறது, முடிக்க எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார்கள். மெழுகின நிலம், முடிந்துவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். சரி, அப்படியே போடுகிறோம் என்றார்கள்.

கார்த்திகை 9

தம்பி, நீங்கள் நேற்றுப் போட்ட சைக்கிள் படம் பார்த்தேன். வேலியை முன்னால் கொண்டுவந்தது நன்றாக இருக்கிறது. முழங்காலைத் திரும்பப் பாருங்கள். சைக்கிள் பாரில் இன்னொரு ஆள் இருந்தால் ஓட்டுகிறவரின் முழங்கால் நேரே மேலே வராது, வெளியே அகலும், பாதமும் பெடலில் கொஞ்சம் திரும்பும். நாளைக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் சந்தியில் நின்று ஐந்து பேரைப் பாருங்கள். மழை விட்டால் நானும் கொப்பியோடு வருகிறேன்.